ஒரு கட்டு முருங்கைக்காய்

அந்தக் குடங்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொள் தாயி. இந்தக் கட்டைக் கீழே இறக்க வேண்டும். மடியிலேயே வைத்திருந்தால் காம்பு குத்துகிறது. பார்த்தாயா, காய் ஒவ்வொன்றும் முழங்கை தாண்டி நிற்கிறது. காலையில் பறித்தது. விற்பதற்கு இல்லை. சந்தைக்குப் போகிறவள் மாதிரியா இருக்கிறேன்? வெள்ளைச் சேலை கட்டி, கோயிலில் இருந்து நேராக வருகிறேன்.

கோயில் என்றால் வேதக் கோயில், நீங்கள் சர்ச் என்பீர்களே. இப்போது நான் ஏறினேனே, ஆறுதல்புரம், அங்கே உயரமாக ஒரு கோபுரம் தெரிந்திருக்கும். நீ பொட்டு வைத்திருக்கிறாய், அம்மன் கோயிலுக்குப் போகிறவளாக இருக்கும். இருக்கட்டும். யாரையாவது நம்பித்தானே எல்லாரும் காலையில் கண் விழிக்கிறோம்.

இன்றைக்கு எங்களுக்கு ஸ்தோத்திரப் பண்டிகை. உங்களுக்குப் பொங்கல் மாதிரி என்று வைத்துக்கொள். தோட்டத்தில் விளைந்த முதல் காயை, முதல் குலையை ஆண்டவருக்குக் கொண்டுபோய் வைப்போம். வாழைத்தார், பூசணிக்காய், கருப்பட்டி, சேவல், முட்டை என்று கோயில் முன்பக்கம் சந்தை மாதிரி நிறைந்துவிடும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் போடுவார்கள். அந்தக் காசு கோயிலுக்கு. சந்தை விலைக்கு யாரும் கேட்பதில்லை, காணிக்கை அல்லவா, ஏற்றித்தான் கேட்பார்கள். ஒரு முட்டை ஐந்நூறு ரூபாய்க்குப் போகும். வாங்கினவரே அதைத் திரும்ப மேசையில் வைத்துவிடுவார். மறுபடியும் ஏலம். ஒரே சேவல் நாலைந்து வீட்டுக்கு விலைபோகும். கடைசியில் யார் வீட்டுக் குழம்பில் கொதிக்கிறோம் என்று அதற்கே தெரியாது.

இந்தக் கட்டையும் அதற்குத்தான் கொண்டுபோனேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆமாம் தாயி, வேண்டாமாம். ரத்தினபாயின் முருங்கைக்காய் இந்த வருஷம் ஏலத்துக்கு வேண்டாமாம். போன வருஷம் இதே மரம், இதே மாதிரி ஒரு கட்டு, என்ன விலைக்குப் போனது தெரியுமா? ஒரு லட்சம். சிரிக்காதே. கோயிலில் இருந்து வருகிறேன், பொய் சொல்வேனா?

அதை முதலில் இருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

எனக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் பிரிசில்லா கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மகன் ஜெயசிங். இவர்கள் அப்பா மளிகைக் கடை வைத்து, தராசில் ஒரு கடுகு கூடக்குறைய நிறுக்காத மனுஷன், அந்த வருமானத்தில் அவனை என்ஜினீயர் படிக்கவைத்தார். பஞ்சாயத்து யூனியனில் வேலை. ரோடு, பாலம், தண்ணீர்த் தொட்டி என்று காண்ட்ராக்டர்கள் கட்டுவதைப் போய்ப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று இவன் கையெழுத்துப் போட்டால்தான் அவர்களுக்குப் பில் கிடைக்கும். அந்த மாதிரி வேலையில் இருக்கிறவர்கள் வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எங்கள் வீட்டை வந்து பார். இவன் அப்பா கட்டின ஓட்டு வீடு. மழைக்கு அடுக்களை ஒழுகும். ஜெயசிங் ஒரு காப்பி வாங்கிக் குடிக்க மாட்டான் பிறத்தியாரிடம். தீபாவளிக்கு யாராவது ஸ்வீட் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனால், வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு வருவான். "ஏய்யா, முறைச்சுக்கிட்ட மாதிரி இருக்குமே" என்பேன். "இருக்கட்டும்மா" என்பான்.

அப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பற்றி பேப்பரில் என்ன போட்டார்கள் தெரியுமா? குடிநீர்த் தொட்டியில் ஊழல், பொறியாளர் சஸ்பெண்ட்.

எனக்கு எட்டாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஆனாலும் எழுத்துக் கூட்டாமல் வாசிப்பேன். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி வாசித்தேன். அது மந்திரிமாருக்கு உள்ள வார்த்தை இல்லையா? பெரிய பெரிய கம்பெனிக்காரர்களுக்கு? கோடி கோடியாக விழுங்குகிறார்களே, அவர்களுக்கு? ஓட்டு வீட்டில் இருக்கிறவனுக்குப் பக்கத்தில் அது எப்படி வந்து உட்காரும்?

நீயே சொல். உலகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. தாலுகா ஆபீஸில் ஒரு சான்றிதழுக்குப் போனால் பியூன் தலையைச் சொறிவான், அது டீச்செலவு. கடைகடையாகப் போலீஸ்காரர் வாங்குவது மாமூல். கை நீட்டிக் கேட்டு வாங்கினால் லஞ்சம். அதையே சுவரில் எழுதிப்போடும்போது கையூட்டு என்று எழுதுகிறார்கள், யாருக்கும் புரிந்துவிடக் கூடாது என்று. எங்கள் பிரசங்கத்தில் பரிதானம் என்பார்கள். பண்டிகைக்கு வருவது அன்பளிப்பு. வீட்டுக்கு வருகிறவர் வெறுங்கையோடு வராமல் நாலு பழம் வாங்கி வந்தால் மரியாதை. கோயிலுக்குக் கொடுத்தால் காணிக்கை. காணிக்கை, தாயி! ஆண்டவருடைய மேசைக்குப் போனது. அதற்குப் போய் அந்தப் பெயரை வைத்தால் நாக்கு அழுகாதா?

சாபம் போடவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். சும்மா கேட்கிறேன்.

கருக்குவிளையில் ஒரு தொட்டி கட்டினார்கள். உயரத் தூண் நிறுத்தி மேலே கட்டுவார்களே, அந்த மாதிரி. இசக்கிபாண்டி என்று ஒருத்தர் காண்ட்ராக்ட். அவர் ஒருநாள் மாம்பழக் கூடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜெயசிங் வாசலிலேயே நிறுத்தி, "கூடைய எடுத்துக்கிட்டுப் போங்க, எதுன்னாலும் ஆபீஸ்ல பேசுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் கிளம்பிப் போய்விட்டான். அந்த மனுஷன் நல்ல வெயிலில் கூடையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவரை அப்படியா அனுப்புவது? "உள்ள வாங்க தம்பி, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

மோரைக் குடித்துவிட்டு அவர் சொல்கிறார், "யம்மா, உங்க மகன் ஒரு பழத்தக்கூடத் தொட மாட்டேங்காரு. தொட்டுட்டா எங்களுக்கு ஒரு நிம்மதி. இப்படி இருந்தா நாங்க எப்படித்தான் தொழில் பண்ணுறது?"

"அவன் அப்பா வளர்ப்பு அப்படி" என்றேன். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் தம்பி. உங்களுக்கு மனசு இருந்தா எங்க கோயிலுக்கு எதாச்சும் செய்ங்க, கோயிலுக்குச் செஞ்சா குறையாது. தரையெல்லாம் பேந்து கிடக்கு. முழங்கால் போட்டா கல்லு குத்துது. அடுத்த மாசம் பண்டிகை, ஏலத்துக்கு வாங்க."

"வேதக் கோயிலுக்கு நான் வரலாமா?"

"ஆண்டவர் ஆள் பார்க்க மாட்டார்."

"நீங்க என்ன வைப்பீங்க யம்மா, ஏலத்துல?"

பார்த்தாயா, எவ்வளவு ஆசை! "என்னத்த வைக்க, எங்க மரத்து முருங்கைக்காய்தான்" என்றேன். "மறக்காம வைங்க" என்று சொல்லிவிட்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போனார். கூடையை நான் வாங்கவில்லை. ஒரு பழம் வாங்கவில்லை. அவர் திரும்பக் கொண்டுபோனதை எதிர் வீட்டு வாயிலட் பார்த்தாள், போய்க் கேள்.

சொன்ன மாதிரியே வந்தார் தாயி. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கோயிலுக்குள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் பெண்கள் பக்கம் வந்து உட்கார்ந்து, பிள்ளைகளெல்லாம் சிரித்து, உபதேசியார் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். உபதேசியார் என்றால் எங்கள் ஐயருக்கு ஒத்தாசையாக இருப்பவர், அருமைராஜ் என்று பெயர், அவர்தான் ஏலம் போடுவார். ஐயர் என்றவுடன் வேறு யாரையும் நினைக்காதே, எங்கள் குருவானவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

என் கட்டு வந்தது. உபதேசியார் தூக்கிக் காட்டி, "ரத்தினபாய் அம்மா வீட்டு முதற்பலன், நூறு ரூவா" என்று தொடங்கினார். லீலாவதி டீச்சர் இருநூறு என்றாள். இசக்கிபாண்டி எழுந்து நின்றார். "அம்பதாயிரம்."

கோயிலில் அப்படி ஒரு அமைதியை நான் நற்கருணை நேரத்தில்கூடக் கேட்டதில்லை. உபதேசியாருக்கு ஒரு தரம், இரண்டு தரம் சொல்லவே மறந்துபோய்விட்டது. எதிர்த்துக் கேட்க ஆள் ஏது? ஆனால் அந்த மனுஷன் உட்காரவில்லை. சுற்றி ஒருமுறை பார்த்தார். அவர் கேட்டதை அவரே ஏற்றினார். "ஒரு லட்சம்." கேள்விப்பட்டிருக்கிறாயா இப்படி? தன் ஏலத்தைத் தானே ஏற்றிக் கேட்கிறவனுக்கு எவ்வளவு பக்தி இருக்க வேண்டும்! எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம், கர்த்தர் அதை இவ்வளவு உயர்த்துவார் என்று நினைக்கவே இல்லை. ஜெயசிங் நாலு பெஞ்சுக்கு முன்னால் இருந்தான். அவன் காது சிவந்துபோனது என் இடத்திலிருந்தே தெரிந்தது. எழுந்து வெளியே போய்விட்டான். சின்ன வயசில் இருந்தே அவனுக்குக் கூச்ச சுபாவம்.

அந்தக் காசில்தான் கோயிலுக்கு டைல்ஸ் போட்டது. முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளப்பு.

ஒரு சல்லிக் காசு எங்கள் வீட்டுக்கு வந்ததா? முருங்கைக்காயைக்கூட அந்த மனுஷன் எடுக்கவில்லை, அங்கேயே விட்டுவிட்டுப் போனார். பண்டிகையன்று அசனம் என்று சபைக்கே சோறு போடுவோம், கட்டு அந்தச் சாம்பாருக்குத்தான் போனது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு வருத்தம். ஜெயசிங் பில்லில் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டே இருந்தான். என்னவென்று கேட்டால், "சிமென்ட் சேர்க்கலம்மா. சுத்தியலால தட்டுனா பொலபொலன்னு உதிருது. தண்ணி நிரப்பி வச்சுப் பார்க்கணும்" என்றான். இசக்கிபாண்டி போன் பண்ணுகிறார், எனக்குத்தான். "யம்மா, கோயிலுக்குச் செஞ்சா குறையாதுன்னு சொன்னீங்க. இப்ப ஆளுகளுக்குக் கூலி குடுக்க வழியில்லாம நிக்கேன்." அழுகிற குரல். என் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று பார். நான் கூப்பிட்டு வந்த மனுஷன். கோயிலுக்கு யாருமே செய்யாததைச் செய்த மனுஷன். அவரை என் பிள்ளையே அலையவிடலாமா? அது நம் தலையில் அல்லவா வந்து விடியும்?

நான் ஒன்றும் சண்டை போடவில்லை. அவனிடம் 'போடு' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெபம்தான் பண்ணினேன். எங்கள் வீட்டில் காலையில் குடும்ப ஜெபம் உண்டு. நானும் அவனும் மருமகளும் உட்காருவோம். பாட்டுப் பாடி, கண்ணை மூடி, நான்தான் வாய்விட்டு ஜெபிப்பேன். அதில் சேர்த்துக்கொண்டேன். "ஆண்டவரே, உமது ஆலயத்துக்கு அள்ளிக் கொடுத்த அந்தச் சகோதரனை ஆசீர்வதியும். அவருடைய காரியங்களுக்கு என் மகன் தடைக்கல்லாய் இராதபடி அவன் இருதயத்தை இளகப்பண்ணும்." தினமும் இதுதான். வேறே என்ன செய்வாள் ஒரு தாய்?

முதலில் ஆமென் சொன்னான். பிறகு ஆமென் சொல்வதை நிறுத்தினான். நான் விடவில்லை. ஒரு நாள் ஜெபத்தின் நடுவிலேயே, நான் கண்ணைத் திறக்கவில்லை, அவன் குரல்தான் கேட்டது. "போதும்மா. போட்டுடுறேன்." அன்றைக்கு ஆபீஸ் போய்ப் போட்டுவிட்டான்.

ஜெபம் கேட்கப்படும் என்பதற்கு நான் இதைவிட வேறு சாட்சி சொல்ல மாட்டேன்.

அப்புறம் தொட்டியில் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பக்கச் சுவர் பிளந்து அவ்வளவு தண்ணீரும் கீழே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கீழே கட்டியிருந்த ரெண்டு ஆடு. அதுவும் குட்டி ஆடு. ஒரு பிள்ளை அப்போதுதான் குடத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்ததாம், ஆண்டவர் காப்பாற்றினார். அதை யார் பேப்பரில் போட்டார்கள்? ஆட்டைப் போட்டார்கள். ஏலத்தைப் போட்டார்கள். 'பொறியாளரின் தாயார் வைத்த முருங்கைக்காய் ஒரு லட்சத்துக்கு ஏலம்' என்று கட்டம் கட்டிப் போட்டார்கள். என் முருங்கைக்காய் தாயி! வாழ்நாளில் பேப்பரில் என் வீட்டுச் சாமான் வந்தது அது ஒன்றுதான்.

என்ன, ஜன்னல் பக்கமே பார்க்கிறாய்? வெயில் அடிக்கிறதா? கேட்கிறாய்தானே? சரி.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். "உங்கள யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா" என்று கேட்டார்களாம். "யாரும் இல்ல. என் கையெழுத்து, நான்தான் போட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான் இந்த மடையன். அந்த ஏலத்தைப் பற்றி ஏதாவது சொல்வதற்கென்ன? எங்கம்மா பக்தியுள்ளவங்க, எங்களுக்கு ஒரு பைசா வரல, அப்படிச் சொல்வதற்கென்ன? வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். மருமகள் அழுகிறாள். நான் பிரிசில்லாவுக்குப் போன் பண்ணி, "நீயாச்சும் உன் தம்பிகிட்டச் சொல்லு, எதுக்கு வாய மூடிக்கிட்டு நிக்கான்னு கேளு" என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "யாருக்காக மூடிக்கிட்டு நிக்கான்னு உங்களுக்குத் தெரியலையா அம்மா?" என்றாள். அப்புறம் என்னென்னவோ சொன்னாள். எங்கள் வீட்டில் டவர் சரியாகக் கிடைக்காது. கட் ஆகிவிட்டது.

இப்போது அவன் வீட்டில்தான் இருக்கிறான். முருங்கை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். ஜெபத்துக்குக் கூப்பிட்டால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுகிறான். விசுவாசத்தில் பின்வாங்கிப்போனான் பிள்ளை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வேதனை. வேலை போனால் போகிறது.

கோயிலில் என்ன பாடு! எங்களுக்குப் பெண்கள் சங்கம் உண்டு, வெள்ளிக்கிழமை கூடி ஜெபிப்போம். லீலாவதி டீச்சர்தான் தலைவி. அவள் என்னைப் பார்த்து நேராகக் கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன் அல்லவா? அதனால் ஜெபத்தில் வைத்துச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு, கையை விரித்துக்கொண்டு, "ஆண்டவரே, ஊழல் என்னும் கறை எங்கள் சபைக்குள் நுழைந்தது. ஊழலின் ஆவியைத் துரத்தும். ஊழலுக்கு இடங்கொடுத்த வீடுகளைச் சந்தியும்." மூன்று தரம் தாயி, ஒரே மூச்சில் மூன்று தரம்! எல்லாரும் ஆமென் ஆமென் என்கிறார்கள். ஜெபத்துக்கு நடுவில் எழுந்து யார் எதிர்த்துப் பேச முடியும்? ஒருத்தியைக் குத்துவதற்கு ஜெபத்தை எடுக்கலாமா? அது ஆண்டவரிடம் பேசுகிற இடம் இல்லையா? பக்கத்தில் இருக்கிறவர் காதில் விழ வேண்டும் என்று ஜெபிப்பதை நான் வெறுக்கிறேன்.

அடுத்து என் முறை. நான் குரலை உயர்த்தவே இல்லை. மெதுவாகத்தான் ஜெபித்தேன். "ஆண்டவரே, ஊழல் டைல்ஸில் முழங்கால் போட்டு, கல் குத்தாமல் சொகுசாய் ஜெபம் பண்ணுகிற எங்கள் சகோதரிகளின் விண்ணப்பத்தையும் தயவாய்க் கேட்டருளும். அவர்களுக்கு அந்த டைல்ஸ் உறுத்துமானால், அதைப் பெயர்த்து எடுக்கிற பலத்தையும் அவர்களுக்குத் தாரும்."

ஒருத்தியும் ஆமென் சொல்லவில்லை. வாயிலட் மட்டும் இருமினாள். அவள் சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் இருமுவாள்.

அதற்கப்புறம்தான் கமிட்டி கூடிப் பேசியிருக்கிறார்கள், இந்த வருஷம் ரத்தினபாய் வீட்டுப் பொருளை ஏலம் போடக் கூடாது என்று. என்னிடம் யாரும் சொல்லவில்லை. இன்றைக்குக் காலையில் கட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஜெயசிங் மரத்தடியில் நின்றான். "கொண்டுபோகாதீங்கம்மா" என்றான். இத்தனை நாளில் அவனாக என்னிடம் பேசினது அது ஒன்றுதான். "ஆண்டவருக்கு உள்ளதை யாருக்குப் பயந்து நிறுத்த?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

உபதேசியார் எல்லாவற்றையும் ஏலம் போட்டார். வாழைத்தார் போனது, சேவல் போனது, எவளோ வைத்த காய்ந்துபோன பனங்கிழங்கு போனது. என் கட்டு மேசையிலேயே கிடக்கிறது. நான் எழுந்து நின்றேன். "உபதேசியாரே, அந்தக் கட்டு உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்க்கிறார். டைல்ஸில் அவர் முகம் தெரிந்திருக்கும். ஐயர் இறங்கி வந்தார். சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன். என் பக்கத்தில் குனிந்து, "அம்மா, இந்த வருஷம் உங்க கட்டு அப்படியே அசனச் சாம்பாருக்குப் போகட்டும், என்ன?" என்றார், பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி.

"ஐயரே," என்றேன், "போன வருஷம் காணிக்கை, இந்த வருஷம் ஊழலா? ஊழல்னா சாம்பார்ல மட்டும் எப்படிப் போடலாம்? சபையே சாப்பிடுமே, வயிறு வலிக்காதா?"

நான் மேசைக்குப் போய் என் கட்டை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, நடுவழியாகவே நடந்து வெளியே வந்துவிட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். வாசலில் இந்த மினிபஸ் நின்றது. ஏறிவிட்டேன்.

எங்கே போகிறேன் என்று நீ கேட்கவே இல்லையே. கருக்குவிளைக்கு. அந்த ஊருக்கேதான். எனக்கு அங்கே ஒரு ஆளைத் தெரியாது. அந்தத் தொட்டியைக்கூட நான் பார்த்தது இல்லை. ஊர் நடுவில் போய் நின்று கேட்கப்போகிறேன். என் மகன் உங்களிடம் ஏதாவது வாங்கினானா? ஒரு டீ வாங்கிக் குடித்தானா? இல்லை என்றால் இல்லை என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், விசாரணையில் வந்து சொல்லட்டும். லீலாவதி வேண்டாம், ஐயர் வேண்டாம், பேப்பர்காரன் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் சொன்னால் போதும். அவன் தலையை நிமிர்த்துவான். ஜெபத்துக்கு வந்து உட்காருவான். அது போதும் எனக்கு. இந்தக் கட்டையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டு வருவேன். எங்கள் கோயிலில் வேண்டாம் என்றால் என்ன?

அதோ, அதுதானா? பனைக்கு மேலே நீலமாக? அம்மாடி, எவ்வளவு உயரம்! பெயின்ட் எல்லாம் நன்றாகத்தான் அடித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் கறுப்பாக ஒழுகினது மாதிரி... அதுவா? அதுவா பிளந்தது? வானம் தெரிகிறதே அதன் வழியாக.

என்ன தாயி, குடத்தை எடுக்கிறாய்? இங்கேதான் இறங்க வேண்டுமா?

நீ கருக்குவிளையா?

அடக் கடவுளே, முதலிலேயே சொல்லக் கூடாதா? இவ்வளவு நேரம் வாயே திறக்காமல் வந்தாயே. அது நல்லதுதான், ஆண்டவர்தான் உன்னை என் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார். நீ சொல், என் மகனைப் பார்த்திருக்கிறாயா? ஒல்லியாக, கண்ணாடி போட்டிருப்பான். உங்களிடம் ஏதாவது வாங்கினானா?

இல்லை அல்லவா? இல்லைதானே! அதுதான் வேண்டும். அதுதான் எனக்கு வேண்டும் தாயி. இரு, இரு, பஸ் நிற்கட்டும். இன்னும் என்ன சொல்கிறாய்? சத்தத்தில் கேட்கவில்லை. சுத்தியலால் தட்டிப் பார்த்தானா? ஆமாம், சொன்னேனே. 'இது ஆகாது, பிள்ளைகளைக் கீழே விளையாட விடாதீங்க' என்று சொன்னானா? உன்னிடமா? பார், பார், எப்படிப்பட்ட பிள்ளை!

என்ன?

அப்படிச் சொன்னவர் பிறகு ஏன் கையெழுத்துப் போட்டார் என்று கேட்கிறாயா.

ஏன் போட்டான் என்றா கேட்கிறாய்.

அந்தத் திரையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுப் போ தாயி. வெயில் கண்ணில் அடிக்கிறது.

நானா? எனக்கும் டிக்கெட் இங்கேதான். ஆனால் முட்டி பிடித்துக்கொண்டது. இந்தப் படி உயரம். இன்னொரு நாள் வருகிறேன். நீ இறங்கு. நில், இந்தக் கட்டை எடுத்துக்கொண்டு போ. எடுத்துக்கொள். வீட்டில் குழம்பு வை. பிஞ்சு இல்லாமல், முற்றாமல், பார்த்துப் பறித்தது.

என்ன இது? காசு எதற்கு?

காசு எதற்கு என்று கேட்கிறேன். நான் விற்கவா வந்தேன்? முதலிலேயே சொன்னேனே. ஒரு கட்டு முருங்கைக்காயைச் சும்மா வாங்கிக்கொள்ள என்ன பயம் உனக்கு? நான் உன்னிடம் என்ன கேட்டுவிடப்போகிறேன்? ஒரு வார்த்தைதானே கேட்டேன்? அதுவும் உண்மையைத்தானே? இதற்கும் அந்தப் பெயரா? சொல்லிவிட்டுப் போ, இதற்கும் அந்தப் பெயர்தானா?

நீ கையை நீட்டிக்கொண்டே நின்றால் டிரைவர் திட்டுவார். சரி. சரி, கொடு. ஏலமாகவே இருக்கட்டும். யாருக்கும் பயந்து இதை நான் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக மாட்டேன். ரத்தினபாய் வீட்டு முதற்பலன். இருபது ரூபாய். ஏற்றிக் கேட்க ஆள் உண்டா? டிரைவர் தம்பி, நீ கேட்கிறாயா? இல்லை. ஒரு தரம். இரண்டு தரம்.

மூன்று தரம். எடுத்துக்கொண்டு போ தாயி. குடம் இடித்துவிடாமல் பார்த்து இறங்கு.

கண்டக்டர் தம்பி, எனக்கு இன்னொரு டிக்கெட் போடு. அடுத்த ஊர் எதுவோ, அதற்கு. திரும்பி வரும்போது இந்தப் பஸ்ஸிலேயே ஆறுதல்புரத்தில் இறங்கிக்கொள்கிறேன். ஏ, அதை எடுக்காதே, அந்த இருபது ரூபாயில் கை வைக்காதே. அது ஏலக் காசு. பையில் வேறே வைத்திருக்கிறேன், இரு, தருகிறேன்.